வாசனை எண்ணெயில் ஓர் அவஸ்தைப் பூசுதல்

நகைச்சுவையை வகுப்பில் எப்படிக் கற்பிப்பது என்று இளம் ஆசிரியர்களான உங்களில் இரண்டு பேர் என்னிடம் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. வேலைக்காலம் முழுவதும் ஐரிஷ் கதைகளைத்தான் பாடமாக எடுத்தேன். ஒரு பகிடியை விளக்கப்போய், அது கண்முன்னால் செத்துவிழுவதைப் பார்த்துக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்ற நாட்கள் ஏராளம். அந்தக் களைப்பு ஓய்வுபெற்ற பிறகும் விட்டுப்போகவில்லை. ஆகவே வழிமுறை எதுவும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். எண்பதுகளின் நடுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் வரும் மாணவரிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்போது நான் ஜெர்மன் பேசும் ஒரு நகரத்துப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் உதவி விரிவுரையாளர். சைவக் குடும்பத்துப் பெண். ஆனால் யாழ்ப்பாணத்தில் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். கத்தோலிக்க சமய பாடமான ஞானோபதேச வகுப்பு நடக்கும்போது சைவப் பிள்ளைகளான எங்களைக் கடைசி வரிசை வாங்கில் இருத்தித் தையல் வேலை கொடுப்பார்கள். கை தைக்கும், காது கேட்கும். அப்படியே முழு ஞானோபதேசமும் எனக்குப் பாடமாகிவிட்டது. ஒரு பெரிய வியாழனன்று, எல்லோரும் மௌனமாக முழந்தாளிட்டிருந்த சிற்றாலயத்தில், கூரையிலிருந்து ஒரு பல்லி அயர்லாந்திலிருந்து வந்த தலைமைக் கன்னியாஸ்திரியான மதரின் முக்காட்டில் விழுந்தது. யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் அந்த வரிசையில் இருந்த அத்தனை கன்னியாஸ்திரிகளின் தோள்களும் குலுங்கின. மதரின் தோள்தான் எல்லோரையும்விடக் கூடக் குலுங்கியது. அவர்களில் ஒருவருக்கும் அன்று விசுவாசம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என்னை வேலைக்கு எடுத்த பேராசிரியர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் புரொட்டஸ்தாந்துக்காரர். நல்ல மனிதர், பெரிய படிப்பாளி. நவீனத்துவ ஐரிஷ் புனைகதையில் வரும் கத்தோலிக்கப் பகிடிகள் எல்லாம் கோயிலைவிட்டு வெளியேறுகிறவன் கதவை அறைந்து சாத்தும் சத்தம் என்பது அவருடைய கொள்கை. அதைப்பற்றிக் கோடைக்காலப் பருவத்தில் ஒரு கருத்தரங்க வகுப்பு தொடங்கினார். பாதியில் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்தது. வகுப்பு என் கைக்கு வந்தது.

எனக்கு முதலில் கிடைத்த கதை, இன்று யாரும் தேடி வாசிக்காத ஓர் எழுத்தாளருடையது. டப்ளினில் ஒரு மாடி அறை. சாகக் கிடக்கும் ஒரு மனிதர், அவருடைய மனைவி. மழைக்குள் நனைந்தபடி ஒரு வயதான பாதிரியார், சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வருகிறார். கண்பார்வை சரியில்லாதவர். தான் கொண்டுவந்த அர்ச்சிக்கப்பட்ட எண்ணெய்ப் போத்திலை அலமாரித் தட்டில் வைக்கிறார். அதே தட்டில் வீட்டுக்காரர் கொண்டாட்டங்களுக்குப் போகும்போது தலைக்குப் பூசும் வாசனை எண்ணெயும் இருக்கிறது. செபம் சொல்லிவிட்டுக் கையை நீட்டியவர் மற்றப் போத்திலை எடுத்துவிடுகிறார். கண்ணிலும் காதிலும் உதட்டிலும் பூசுகிறார். சாகிறவர் மூச்சை இழுத்து மணந்துபார்த்து, "என்னை எந்த நடனத்துக்கு அனுப்புறியள், ஃபாதர்?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டுச் செத்துப்போகிறார்.

கதை அதோடு முடியவில்லை. மனைவி மறுநாள் தலையணை உறையைத் தோய்க்கிறாள். வாசம் போகவில்லை. அந்த எண்ணெய் செல்லுமா செல்லாதா, மனிதர் மோட்சத்துக்குப் போனாரா இல்லையா என்று யாரிடமும் கேட்க அவளுக்குத் துணிவில்லை. எழுத்தாளரும் சொல்லவில்லை.

இதைச் சத்தமாக வாசித்தேன். வகுப்பு சிரித்தது. நன்றாகவே சிரித்தது. கிழட்டுப் பாதிரியாரின் தடுமாற்றத்துக்குச் சிரித்தார்கள். நானோ அந்த மனைவியையே நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஓர் ஆத்துமாவுக்குக் கதவு திறக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கும் அறையில்தான் இந்தப் பகிடி உயிரோடு இருக்கும், நம்பாதவர்களுக்கு இது வெறும் போத்தில் மாறாட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் ஆன்டன் எழுந்தார்.

ஆன்டன் வாலிஸ் என்ற கத்தோலிக்க மலைப்பகுதியில் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். ஆசிரியராவதற்குப் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் கத்தோலிக்கப் பழக்கங்களை விட்டுவிடாத ஒரே ஆள் அவர்தான். முகம் சிவந்திருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, புத்தகங்களைக்கூட எடுக்காமல் கதவைத் திறந்து போய்விட்டார். சிரிப்பு நின்றுபோயிற்று. என் விளக்கமும் நின்றுபோயிற்று.

அடுத்த வாரம் கலைப்பீடத்தின் தலைவரான பீடாதிபதி கூப்பிட்டார். அவர் என்னோடு கதைத்தது ஜெர்மனில். ஆனால் இந்தக் கதையில் வருகிறவர்கள் சொன்னதெல்லாம் எனக்கு எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே நினைவுக்கு வருகிறது. அப்படியே சொல்லிவிடுகிறேன்.

"ஒரு முறைப்பாடு வந்திருக்குது," என்றார். "உங்கடை வகுப்பிலை ஒரு கத்தோலிக்க மாணவரின்ரை மனசு புண்பட்டுப் போச்சுதாம். அழுதுகொண்டு வெளியிலை போனவராம்."

"அவரே வந்து சொன்னவரோ?"

"ஆர் சொன்னது எண்டதை நான் சொல்ல ஏலாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்கள் இந்து. வெளியிலை நிண்டு இன்னொருத்தரின்ரை புனிதச் சடங்கை, தேவதிரவிய அனுமானத்தை வைச்சுச் சிரிப்புக் காட்டினால் அது எப்பிடித் தெரியும் எண்டு உங்களுக்கு விளங்கும்தானே."

மன்னிப்பு வேண்டும் என்றார். வகுப்பு முன்னால், சுருக்கமாக. இலையுதிர்கால ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதையும் அதே மென்மையோடு நினைவூட்டினார். அந்த ஒப்பந்தம் இருந்தால்தான் எனக்கு வதிவிட அனுமதி. என் அனுமதியில் தொங்கிக்கொண்டுதான், எங்கள் நாட்டில் எண்பத்துமூன்றில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்துசேர்ந்த என் கணவர் நகரத்துக்கு வெளியே ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார்.

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனேன். பேராசிரியருக்குப் பேசக்கூடாது என்று உத்தரவு. ஆனாலும் கிசுகிசுத்தார்.

"மன்னிப்புக் கேளாதையும். கேட்டால் இலக்கியம் செத்துப்போச்சு எண்டு அர்த்தம். எனக்குப் பத்திரிகையிலை ஆளிருக்குது. எழுதுவிப்பம். பாதிரிமாருக்குப் பயந்த பல்கலைக்கழகம் எண்டு எழுதுவிப்பம்."

அவருடைய கண்கள் பளபளத்தன. படுக்கையில் கிடந்து சலித்துப்போன மனிதருக்கு ஒரு சண்டை கிடைத்துவிட்டது. அந்தச் சண்டையில் ஆன்டன் என்று ஒருவர் இருப்பதே அவருக்கு நினைவில்லை. பீடாதிபதிக்கும் அப்படித்தான். இருவருக்கும் அவர் 'புண்பட்ட கத்தோலிக்கர்'. ஒருவருக்கு அந்தப் புண்ணை மூடவேண்டும், மற்றவருக்கு அதை வைத்துப் போர் தொடங்கவேண்டும்.

வீட்டில் என் கணவர் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் இருந்து கேட்டார்.

"இஞ்சேரும், மன்னிப்புக் கேட்டால் என்ன குறைஞ்சு போகுது? நான் ஒருநாளைக்கு எத்தினை பேரிட்டைக் கேக்கிறன். நிலம் ஈரமாக் கிடக்குது எண்டதுக்கும் நான்தான் மன்னிப்புக் கேக்கிறன்."

"கேக்கலாம். ஆனா எதுக்கெண்டு தெரியாமல் எப்பிடிக் கேக்கிறது?"

"தெரியாமல்தான் நாங்கள் எல்லாம் கேக்கிறம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் ஆன்டன் ரயிலேறி ஊருக்குப் போவார் என்று எனக்குத் தெரியும். நிலையத்து உணவகத்தில் ஒரு கோப்பியோடு இருந்தார். விட்டுப்போன புத்தகங்களைக் கொடுத்தேன். முன்னால் இருக்கலாமா என்று கேட்டேன். பீடாதிபதியைப் பற்றியோ ஒப்பந்தத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால், என்னைக் காப்பாற்றவேண்டிய பாரம் அவர் தலையில் ஏறிவிடும். பிறகு அவர் வாயிலிருந்து எது வந்தாலும் அது எனக்காகச் சொன்னதாகிவிடும்.

"அண்டைக்கு ஏன் எழும்பிப் போனனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"சிரிப்பு வந்திட்டுது," என்றார். "அடக்க ஏலாமல் வந்திட்டுது. எனக்கு அது சரிவராது."

அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னார். அவருடைய தகப்பன் மலையைக் குடையும் சுரங்க வேலைக்காரர். கல்தூசி நுரையீரலில் படிந்து நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். கடைசியில் ஒரு பனிக்கால மத்தியானம் பாதிரியாரைக் கூப்பிட்டார்கள். அவர் கொட்டும் பனிக்குள்ளால் ஏறி வந்தார். அடுப்பு எரியும் அறைக்குள் கால் வைத்ததும் அவருடைய மூக்குக்கண்ணாடி முழுக்க நீராவிப் புகார் மூடிவிட்டது. அவர் அதைக் கழற்றவுமில்லை, துடைக்கவுமில்லை. அவசரத்தில் செபத்தைத் தொடங்கிவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில், பல இரவுகள் கண்விழித்த பெரியப்பா போர்வையால் மூடிக்கொண்டு நித்திரையாகியிருந்தார். பாதிரியார் தடவித் தடவிப்போய் அவருடைய நெற்றியில் எண்ணெயைப் பூசிவிட்டார்.

"பெரியப்பா திடுக்கிட்டு எழும்பி, 'நானில்லை சுவாமி, நானில்லை! அவன்! அவன்!' எண்டு கத்தினவர்," என்றார் ஆன்டன்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார்.

"நானும் சிரிச்சிட்டன். எனக்கு அப்ப பத்து வயசும் இல்லை. வெடிச்சுச் சிரிச்சிட்டன். அம்மா கன்னத்திலை அறைஞ்சவ. அதோடை அப்பாவுக்கு இருமல் பிடிச்சிட்டுது. நிக்கவேயில்லை, அப்பிடி இருமினவர். பிறகு சுவாமியார் சரியான ஆளுக்குப் பூசினவர். இருட்டமுந்தி அப்பா போயிட்டார்." கோப்பையைத் தள்ளிவைத்தார். "நான் சிரிச்சபடியால்தான் அந்த இருமல் வந்தது எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறன். அம்மாவோடை அதைப்பற்றிக் கதைச்சதில்லை. அம்மாவும் கதைச்சதில்லை. அதுக்குப் பிறகு ஆரும் சுவாமிமாரைப் பற்றிப் பகிடி சொன்னால் நான் எழும்பிப் போயிடுவன்."

ரயிலுக்கு அறிவிப்புச் சொன்னார்கள். அவர் எழுந்து பையை மாட்டினார்.

"இதை ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ," என்றார்.

"சொல்லமாட்டன்," என்றேன். "அந்தக் கதையை மட்டும் திருப்பி ஒருக்கா வாசியுங்கோ. தனிய இருந்து."

நீங்கள் என்னை அறிவுரை கேட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள், ஆகவே ஒன்றே ஒன்று சொல்கிறேன். வகுப்பில் ஒருவர் சிரிக்காவிட்டால் அது ஏன் என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கும். அவரை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் போய்க் கேளுங்கள். கேட்டால் வேலை தப்பும் என்று நினைக்காதீர்கள். என் விஷயத்தில் கேட்டபடியால்தான் போனது.

ஏனென்றால் திங்கட்கிழமை நான் பீடாதிபதியின் அறையில் இருந்தபோது என் கையில் முழு விடுதலையும் இருந்தது. அந்த மாணவர் புண்படவில்லை, சிரிப்பை அடக்க ஏலாமல்தான் போனார் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி 'அப்படியானால் ஏன் முகம் சிவந்தது, ஏன் அழுதார்' என்று வரும். ஒரு மனிதன் தகப்பன் செத்த கட்டிலடியில் இருந்து தூக்கிவந்த ஒன்று துறைக்கூட்டத்தில் மேசைக்கு வரும்.

"நான் அவரோடை கதைச்சனான்," என்றேன். "கதையாலை அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவரிட்டை மன்னிப்புக் கேக்க எனக்கு ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் எழும்பிப் போனவர்?"

"அது அவரின்ரை விஷயம். எனக்குச் சொன்னவர். நான் சொல்ல ஏலாது."

பீடாதிபதி பேனாவை மேசையில் வைத்தார். "நீங்கள் ஒரு விரிவுரையாளர்," என்றார். "ஆக்கள் தங்கடை பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனம் கேக்கிற சுவாமியார் இல்லை."

"ஓம்," என்று தலையாட்டினேன்.

அவர் கெட்டவரல்ல. ஆன்டனை நேரே கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். புண்பட்டவரை மேலும் சங்கடப்படுத்தக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதையும் செய்யவில்லை. முறைப்பாடு செய்தவரும் நல்லெண்ணத்தில்தான் செய்திருந்தார். அது ரெகுலா என்ற மாணவி. புரொட்டஸ்தாந்துக் குடும்பம். அந்த வாரமே என் அறைக்கு வந்து தானாகச் சொன்னாள்.

"நான்தான் அண்டைக்கு எல்லாரையும்விடக் கூடச் சிரிச்சனான்," என்றாள். "அவர் போனதும் எனக்கு வெக்கமாப் போச்சுது. கத்தோலிக்கருக்காக ஆரும் கதைக்கவேணும் எண்டு நினைச்சன். பிழையோ?"

அவளுடைய கண் கலங்கியிருந்தது. எனக்குச் சினம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. யாரோடும் சினக்கும் நிலையைத் தாண்டி நான் களைத்துப்போயிருந்தேன். "அடுத்தமுறை அவரையே கேளும்," என்றேன்.

பேராசிரியருக்குத்தான் சினம் வந்தது. நான் மன்னிப்பும் கேட்கவில்லை, போருக்கும் வரவில்லை. பத்திரிகைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டபோது, சொல்ல ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். பேராசிரியர் குணமாகித் திரும்பியதும் நடைவழியில் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைத்தார். இலக்கியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. அதன்பிறகு அவர் என்னோடு உட்கார்ந்து ஒரு கதையைப் பற்றியும் கதைக்கவில்லை. கொள்கையில் அவர் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய கொள்கைக்குள் அந்த மூக்குக்கண்ணாடிக்கு இடமில்லை. நான் அதை அவருக்குச் சொல்லவும் வழியில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. துறையை ஒழுங்குபடுத்துகிறோம் என்று காரணம் சொன்னார்கள். மாலையில் வேலைமுடிந்து வருகிறவர்களுக்கு வணிக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. வதிவிட அனுமதி எப்படியோ தப்பியது. மறுபடி ஒரு பல்கலைக்கழகத்துக்குள் கால்வைக்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அந்த வருடங்களில் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் விலைப்பட்டியல் கேட்டு எழுதுவது எப்படி என்பதுதான். செய்தது சரியா என்று என் கணவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. இருவரும் வேலைக்குப் போய் வந்தோம்.

ஆனால் அதற்கு முன்னால், கோடைக்காலப் பருவம் முடிந்து நான் அறையை ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஆன்டன் வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். வேறு அறைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. உண்மை தெரியவந்தபோது அவர் ஆசிரியராகிவிட்டிருந்தார். என்மேல் மிகவும் கோபப்பட்டார். அது பிறகு.

அன்று அவர் கதவடியில் நின்றபடியே சொன்னார்:

"அந்தக் கதையை வாசிச்சனான். தனிய இல்லை. குசினியிலை வைச்சு, எங்கடை ஊர்ப் பாஷையிலை மாத்தி மாத்தி, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான்."

"என்ன சொன்னவ?"

"எந்த நடனத்துக்கு எண்டு அந்த ஆள் கேக்கிற இடத்திலை அம்மா மரக்கறி வெட்டின கத்தியை வைச்சிட்டா. நான் பயந்துபோனன். முடியுமட்டும் வாசிச்சன். பிறகு, 'உன்ரை கொப்பருக்கு இந்தக் கதை நல்லாப் பிடிச்சிருக்கும்' எண்டா."

நான் கையிலிருந்த புத்தகங்களைக் கீழே வைத்தேன்.

"நான் கேட்டன், அண்டைக்கு நான் சிரிச்சதாலைதானே அப்பாவுக்கு இருமல் வந்தது எண்டு. அம்மா என்னை விசரனைப் பாக்கிற மாதிரிப் பாத்தா. 'அது இருமல் இல்லையடா, சிரிப்பு,' எண்டா. 'முதல் சிரிச்சது அவர்தான். அந்த நெஞ்சுக்குள்ளாலை சிரிப்பு அப்பிடித்தான் வந்தது. நீ சிரிக்க, அவர் உன்னைப் பாத்துக்கொண்டு இன்னும் சிரிச்சவர். உன்னை நான் அடிச்சது, அடிக்காட்டி எனக்கும் சிரிப்பு வந்திடும் எண்டுதான்.'"

அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. இம்முறை அவர் வாயைப் பொத்தவில்லை, வெளியே போகவுமில்லை. பெட்டிகளுக்கு நடுவில், இருந்த ஒரே நாற்காலியில் விழுந்து, கண்ணால் தண்ணீர் வழியச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து யாரோ வந்து எட்டிப்பார்த்தார்கள்.

நான் கதவைச் சாத்திவிட்டு, அவர் சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.